புதுவீட்டுக்காரர்கள்

போன ஆண்டு ஜூலையில் எங்கள் அலுவலகத்தில் ஒரு புதுத் திட்டம் தொடங்கியது. கோலாலம்பூரில் நாங்கள் நான்கு பேர், மெக்சிகோ நகரில் ஐந்து பேர். நமக்கு இரவு ஒன்பது மணி என்றால் அங்கே காலை ஏழு. நான் இரவுச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கணினி முன் உட்காருவேன். அவர்கள் தூக்கம் கலையாத முகத்தோடு, கையில் கோப்பிக் குவளையோடு வருவார்கள்.

மூன்றாவது வாரம், மற்றவர்கள் வந்து சேரும்வரை நானும் அந்தப் பக்கத்துப் பெண்மணி ஒருவரும் மட்டும் காத்திருந்தோம். என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். திரையில் அவர் பெயருக்குப் பின்னால் ‘எச்செவெரியா’ என்று இருக்கும். என் பெயருக்குப் பின்னால் ‘சேவியர்’. அவர் சட்டென்று சிரித்துக்கொண்டே கேட்டார்: “நீங்களும் நானும் ஒரே குடும்பப் பெயர்க்காரர்கள், தெரியுமா?”

கேலி செய்கிறார் என்றுதான் நினைத்தேன். எழுத்தைப் பார்த்தாலும் ஓசையைக் கேட்டாலும் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. “இரண்டும் ஒரே சொல்தான்” என்றார் அவர். “எங்கள் முன்னோர் பாஸ்க்குகள். அவர்கள் மொழியில் அதற்குப் புது வீடு என்று பொருள்.” அதற்குள் மற்றவர்கள் வந்துவிட்டார்கள். பேச்சு வேலைக்குத் திரும்பியது. எனக்கு மட்டும் அன்று கூட்டத்தில் மனம் ஒட்டவில்லை.

காரணம் இருந்தது. அப்போது என் மனைவிக்கு ஏழாவது மாதம். வீட்டில் பெயர் பற்றிய பேச்சு சூடாக நடந்துகொண்டிருந்தது.

நம் வீடுகளில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். பாஸ்போர்ட்டிலும் வங்கிப் பாரத்திலும் ‘குடும்பப் பெயர்’ என்ற கட்டத்தில் நாம் அப்பாவின் பெயரை எழுதுகிறோம். சேவியர் என் அப்பாவின் பெயர். அடையாள அட்டையில் என் பெயரையும் அவர் பெயரையும் இணைப்பது நடுவில் உள்ள ‘அனாக் லெலாக்கி’. நாளை என் பிள்ளைக்கு அந்த இடத்தில் என் பெயர் வரும். அப்பாவின் பெயர் அத்தோடு முடிந்துவிடும். ஒவ்வொரு தலைமுறையிலும் ஒரு பெயர் ஏறும், ஒரு பெயர் இறங்கும். இது நம் வழக்கம். இதுவரை நான் அதை நினைத்து வருந்தியதும் இல்லை.

ஆனால் அப்பா இறந்து அப்போது ஒன்றரை ஆண்டுதான் ஆகியிருந்தது. பிறக்கப்போகும் பிள்ளைக்கு ஒரு தமிழ்ப் பெயரும், அதன் பின்னால் சேவியர் என்ற பெயரும் வர வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. என் அம்மாவுக்கு அதில் மகிழ்ச்சி. என் மாமனாருக்குத்தான் மனம் ஒப்பவில்லை. அவர் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியர். எங்கள் திருமணம் கலப்பு மதத் திருமணம். அதற்கு அவர் ஒரு வார்த்தைகூடத் தடை சொன்னவர் இல்லை. பெயர் விஷயத்தில் மட்டும் பிடிவாதம். “மாப்பிள்ளை, மதம் உங்கள் விருப்பம். பேர் தமிழ்ப் பேராக இருக்கட்டும். சேவியர் என்றால் என்ன பொருள், சொல்லுங்கள்?” என்று கேட்டார். எனக்குப் பதில் தெரியவில்லை. “ஒரு புனிதரின் பெயர், மாமா” என்றேன். “அது பொருள் இல்லையே” என்றார்.

அந்த மெக்சிகோ பெண்மணி தற்செயலாகச் சொன்னது அந்தக் கேள்விக்கான பதில். அதனால்தான் அடுத்த சில வாரங்கள் அந்தப் பெயரின் பின்னாலேயே சுற்றினேன்.

ஸ்பெயினும் பிரான்சும் சந்திக்கும் பிரனீஸ் மலையின் மேற்குக் கோடியில், கடலை ஒட்டி இருக்கிறது பாஸ்க் மக்களின் நிலம். அவர்கள் மொழி அக்கம்பக்கத்து மொழிகள் எதனோடும் உறவில்லாதது. அதில் ‘எச்சே’ என்றால் வீடு, ‘பெர்ரி’ என்றால் புதியது. சேர்த்துச் சொன்னால் எச்செபெர்ரி. ஊருக்கு ஒரு புது வீடு இருக்குமல்லவா? நம் நாட்டில் எத்தனை கம்போங் பாரு, தமிழ்நாட்டில் எத்தனை புதூர்! அதுபோல ஊருக்கு ஊர் எச்செபெர்ரிகள் இருந்தார்கள். ஒருவருக்கு ஒருவர் சொந்தம் இல்லை, பெயர் மட்டும் ஒன்று.

அங்கே வீட்டின் பெயரால் மனிதர்களை அழைத்தார்கள். மலையடிவாரத்துப் பண்ணை வீடு ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தது. அந்த வீட்டில் பிறந்தவர்களுக்கு அது பெயரானது. வாழ வந்த மருமகனுக்கும்கூட அதுவே பெயரானதுண்டு. வீட்டைப் பங்கு போடும் வழக்கம் இல்லை. பிள்ளைகளில் ஒருவருக்கு, ஆணோ பெண்ணோ, வீடும் நிலமும் முழுதாகப் போகும். மற்றவர்கள் கப்பலுக்கோ மடத்துக்கோ அமெரிக்கக் கண்டத்துக்கோ கிளம்ப வேண்டியதுதான். வீடு கிடைக்காதவர்கள் வீட்டின் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள். பாஸ்க் குடும்பப் பெயர்கள் தென் அமெரிக்கா எங்கும் கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

போகிற இடத்தில் எல்லாம் பெயர் உருமாறியது. ஸ்பானிய மொழியில் எச்செவெரியா, எச்செவரியா, சாவரியா. பிரெஞ்சுப் பக்கத்தில் எச்செவெரி. நவார் நாட்டில் இருந்த ஓர் எச்செபெர்ரி, அங்குள்ளவர்களின் நாக்கில் தேய்ந்து ‘ஷவியெர்’ ஆனது. ஸ்பானிய மொழியில் ‘ஷ’ ஓசை பிற்காலத்தில் ‘ஹ’ ஆகிவிட்டதால் இன்று அங்கே அது ‘ஹவியெர்’. அந்தப் பெண்மணி இதற்குத் தன் நாட்டையே எடுத்துக்காட்டாகச் சொன்னார். மெக்சிகோவை ஸ்பானியர் முதலில் ‘மெஷிக்கோ’ என்றார்கள், இன்று ‘மெஹிக்கோ’ என்கிறார்கள். போர்த்துகீசியர் மட்டும் பழைய ‘ஷ’வை விடவில்லை. ஆங்கிலேயர் வழியாக நமக்கு வந்தது சேவியர்.

இதைக் கேட்ட அன்று இரவு எனக்கு வேறொன்று உறைத்தது. போர்த்துகீசியர் ‘ஷவியெர்’ என்று சொன்னதை முத்துக்குளித்துறைத் தமிழர்கள் எப்படிச் சொல்லியிருப்பார்கள்? சவேரியார்! கோட்டாற்றில் கோயில் கொண்டிருக்கும் அதே சவேரியார். அந்தப் பெயரின் சுருக்கம்தான் சவரி.

என் தாத்தாவின் பெயர் சவரிமுத்து. பள்ளியில் என் நண்பர்கள் அந்தப் பெயரைக் கேட்டுக் கேலி செய்வார்கள். சவரி என்றால் பெண்கள் கொண்டையில் வைத்துக்கொள்ளும் பொய்முடி அல்லவா? தாத்தாவுடையது நாட்டுப்புறப் பெயர், அப்பாவுடையது நாகரிகமான ஆங்கிலப் பெயர் என்றுதான் நான் வளர்ந்த காலம் முழுக்க நினைத்தேன். அப்பாவும் அப்படித்தான் நினைத்திருப்பார். தன் அப்பாவின் பெயரையே தனக்கு வைத்திருக்கிறார்கள் என்பது தெரியாமலே அவர் போய்விட்டார். அதிலும் தாத்தாவின் பெயர்தான் மூலத்தின் ஓசைக்கு நெருக்கம். பொருள் பார்த்தால், புதுவீட்டு முத்து.

இந்தப் பெயரை உலகமெல்லாம் கொண்டுபோனவர் பிரான்சிஸ் சேவியர். 1506 ஏப்ரல் 7-ஆம் தேதி நவார் நாட்டில், பம்ப்லோனா நகரிலிருந்து சுமார் 50 கிலோமீட்டர் தள்ளியிருந்த சேவியர் கோட்டையில் பிறந்தார். தந்தையின் குடும்பப் பெயர் ஹாஸோ, தாயின் குடும்பப் பெயர் அஸ்பிலிகுவேத்தா. கோட்டை தாய் வழிச் சொத்து. கடைசிப் பிள்ளையான அவருக்கு வாய்த்த பெயர், அந்த வீட்டின் பெயர்.

அவருக்கு ஆறு வயது இருக்கும்போது, 1512-இல், காஸ்தீல் அரசு நவாரைப் பிடித்தது. 1515-இல் தந்தை இறந்தார். அடுத்த ஆண்டு, நாட்டை மீட்க நடந்த கிளர்ச்சி தோற்றதும், எதிர்த்து நின்றவர்களின் கோட்டைகளை இடிக்க உத்தரவு வந்தது. சேவியர் கோட்டையின் கோபுரங்களும் சுற்றுமதிலும் தரைமட்டமாயின. அப்போது பையனுக்குப் பத்து வயது. தாயும் பிள்ளைகளும் மிஞ்சியிருந்த பகுதியில் வாழ்ந்தார்கள். 1525-இல் படிக்கப் பாரிஸ் போனவர் அந்த வீட்டில் மறுபடி வாழவில்லை. இன்று அந்தக் கோட்டை சீரமைக்கப்பட்டு நிற்கிறது. ஆண்டுதோறும் மார்ச் மாதத்தில் நவார் மக்கள் அங்கே நடைப்பயணமாக வருகிறார்கள்.

1542-இல் கோவாவில் இறங்கி, அதே ஆண்டு தமிழ்க் கடற்கரைக்கு வந்தார். பரதவர் ஊர்களில் ஒவ்வொன்றாக நடந்தார். 1544 ஜனவரியில் அவர் எழுதிய கடிதம் ஒன்று இருக்கிறது. அந்த மக்களின் தாய்மொழி வேறு, என் தாய்மொழி பாஸ்க், அதனால் ஒருவரை ஒருவர் புரிந்துகொள்ள முடியவில்லை என்று அதில் குறிப்பிடுகிறார். இரண்டு மொழியும் தெரிந்தவர்களைத் தேடிப் பிடித்து, மந்திரங்களைத் தமிழில் எழுதச் சொல்லி, மனப்பாடம் செய்துகொண்டு, கையில் மணியை ஆட்டியபடி தெருத்தெருவாகப் போனார். பெரிய படிப்பு படித்தவர். நம் பாட்டிமார் மலாய் கற்றுக்கொண்டது போல, சொல் சொல்லாகத் தமிழைக் கற்றிருக்கிறார்.

1545-இல் முதன்முறையாக மலாக்காவுக்கு வந்தார். பிறகும் பல முறை வந்து போனார். ஜப்பானுக்குப் போகத் தூண்டிய ஜப்பானியர் ஒருவரைச் சந்தித்ததும் மலாக்காவில்தான். கடைசியில் சீனாவுக்குள் நுழையக் காத்திருந்தபோது, ஷாங்சுவான் தீவில் கடற்கரைக் குடிசை ஒன்றில் 1552 டிசம்பர் 3-ஆம் தேதி இறந்தார். வயது 46. கடைசி நேரத்தில், உடனிருந்த சீன உதவியாளருக்குப் புரியாத ஒரு மொழியில் அவர் பேசிக்கொண்டிருந்தாராம். அது அவர் பிறந்த வீட்டில் பேசிய பாஸ்க் மொழியாக இருக்கலாம் என்று வாழ்க்கை வரலாறு எழுதியவர்கள் கருதுகிறார்கள்.

உடல் 1553-இல் மலாக்காவுக்கு வந்தது. புனித பவுல் குன்றின் தேவாலயத்தில் சில மாதங்கள் இருந்து பிறகு கோவாவுக்குப் போனது. பள்ளிச் சுற்றுலாவில் நீங்களும் அந்தக் குன்றில் ஏறியிருப்பீர்கள். வாசலில் வெள்ளைச் சிலை, வலக் கை இல்லாமல் நிற்கும். ஏழாம் வயதில் அப்பா என்னை அங்கே கூட்டிப்போய், “இவரு பேருதான் எனக்கு” என்று காட்டினார். நான் கேட்டது, “ஏம்பா இவருக்குக் கை இல்ல?” என்பதுதான்.

இந்தப் பெயர் வைத்திருந்த மற்றவர்களையும் தேடிப் பார்த்தேன். ஒவ்வொருவரின் கதையிலும் ஒரு வீடு குறுக்கே வந்தது.

எஸ்தெபான் எச்செவெரியா, 1805-இல் புவெனஸ் ஐரிஸில் பிறந்த அர்ஜென்டினா எழுத்தாளர். தந்தை பாஸ்க் நாட்டிலிருந்து வந்தவர். ரோசாஸ் என்ற சர்வாதிகாரியின் ஆட்சியை எதிர்த்து இளைஞர்களைத் திரட்டினார். மாட்டிறைச்சிக் கொட்டில் ஒன்றில் நடக்கும் வன்முறையைக் காட்டி அந்த ஆட்சியின் முகத்தைச் சொல்லும் ஒரு கதை எழுதினார். அர்ஜென்டினாவின் முதல் சிறுகதை என்று அதைச் சொல்கிறார்கள். உயிரோடு இருந்தபோது அச்சில் பார்க்கும் வாய்ப்பு அவருக்குக் கிடைக்கவில்லை. இறந்து 20 ஆண்டு கழித்து, 1871-இல்தான் வெளிவந்தது. 1840-இல் நாட்டைவிட்டுத் தப்பி ஆற்றுக்கு அக்கரையில் மொந்தேவிதேயோ நகரில் குடியிருந்தவர், ரோசாஸ் வீழ்வதற்கு ஓர் ஆண்டு முன்பு, 1851-இல், அங்கேயே இறந்தார். பெயரில் புது வீடு இருந்தவருக்குச் சொந்த வீட்டுக்குத் திரும்பக் கொடுத்துவைக்கவில்லை.

பிரேசிலில் ஏப்ரல் 21 தேசிய விடுமுறை. ஜொவாகிம் ஜொசே த சில்வா சேவியர் என்ற படை அதிகாரியைத் தூக்கிலிட்ட நாள் அது. தாய் வழியில் வந்த சேவியர். பல் பிடுங்கும் வேலையும் பார்த்ததால் ‘பல் பிடுங்கி’ என்றே அவரை மக்கள் அழைத்தார்கள். தங்கச் சுரங்கப் பகுதியில் போர்த்துகல் அரசின் வரிக்கொடுமையை எதிர்த்து 1789-இல் சதி செய்ததாகப் பிடிபட்டார். கூட்டாளிகளின் மரண தண்டனை நாடுகடத்தலாகக் குறைக்கப்பட, அவரை மட்டும் 1792-இல் தூக்கிலிட்டு, உடலைத் துண்டாக்கினார்கள். தீர்ப்பில் இன்னொரு வரியும் இருந்தது. அவர் வீட்டை இடித்து, அந்த மண்ணில் எதுவும் முளைக்காதபடி உப்பைத் தூவ வேண்டும் என்பது.

மூன்றாமவர் என் சக ஊழியருக்குத் தலைவலியானவர். லூயிஸ் எச்செவெரியா, 1970 முதல் 1976 வரை மெக்சிகோவின் அதிபர். “எங்கள் நாட்டில் இந்தப் பெயரைச் சொன்னதும் முதல் கேள்வி, அவருக்கு நீங்கள் சொந்தமா என்பதுதான். இல்லை என்று சொல்லிச் சொல்லியே என் அப்பா கிழவராகிவிட்டார்” என்றார். 1968 அக்டோபர் 2-ஆம் தேதி மெக்சிகோ நகரின் திலத்தெலோல்கோ சதுக்கத்தில் மாணவர்களைச் சுட்டுக் கொன்றபோது அவர்தான் உள்துறைச் செயலாளர். அதிபரான பிறகு, 1971-இல் இன்னொரு மாணவர் படுகொலை. ஆனால் சிலியில் 1973-இல் ராணுவம் ஆட்சியைப் பிடித்தபோது, உயிருக்குத் தப்பி வந்தவர்களுக்குக் கதவைத் திறந்துவிட்டதும் அவர்தான். 1972-இல் தொழிலாளர் வீட்டு நிதி ஒன்றைத் தொடங்கினார். முதலாளிகள் சம்பளத்தில் 5 விழுக்காட்டுக்கு ஈடான தொகையை அதில் கட்ட வேண்டும். தொழிலாளி அதிலிருந்து கடன் எடுத்து வீடு வாங்கலாம். இன்றும் அந்த நிதி இயங்குகிறது. 2006-இல், மாணவர் படுகொலை வழக்கில், முதுமை காரணமாகச் சிறைக்குப் பதில் வீட்டுக் காவல் விதித்தார்கள். 2009-இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. 2022-இல் நூறு வயதில் இறந்தார்.

“உங்கள் வீடு?” என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. “அந்த நிதியில் வாங்கியதுதான். இரண்டு அறை. அப்பா அந்த மனிதரை வாழ்நாள் முழுக்கத் திட்டினார். வீட்டைத் தினமும் கூட்டினார்” என்றார்.

அதைக் கேட்டபோது எனக்கு என் அப்பா நினைவுக்கு வந்தார்.

அப்பா பிறந்தது தோட்டத்து லயத்தில். தாத்தாவும் பாட்டியும் பால்மரம் வெட்டினார்கள். அப்பாவும் பதினைந்து வயதில் வெட்டுக் கத்தியைப் பிடித்தார். லயத்து வீடு வேலை இருக்கும்வரைதான் நம்முடையது. இதை அவர் அடிக்கடி சொல்வார். நான் நான்காம் வகுப்பு படித்தபோது தோட்டம் கைமாறியது. வீடமைப்புத் திட்டம் வருகிறது, உங்களுக்கும் அதில் வீடு உண்டு என்று வாக்குக் கொடுத்தார்கள். அந்த வாக்கு ஏட்டோடு நின்றது. லயத்தை இடித்த அன்று அப்பா போய்ப் பார்க்கவில்லை. பாட்டி மட்டும் போய், அடுப்பங்கரையில் கிடந்த அம்மிக்கல்லைத் தூக்கமுடியாமல் தூக்கி வந்தார்.

நான்கு ஆண்டு வாடகை வீடுகளில் மாறி மாறி இருந்தோம். அப்பா தொழிற்சாலையில் காவல் வேலைக்குப் போனார். ஊழியர் சேமநிதியில் இருந்ததை எடுத்து முன்பணம் கட்டி, மலிவு விலை மாடி வீடு ஒன்றை வாங்கினார். மூன்றாவது மாடி. மின்தூக்கி அடிக்கடி பழுதாகும். அப்பாவுக்கு அது அரண்மனை. கீழே வரிசையாக இருந்த கடிதப் பெட்டிகளில் எங்கள் பெட்டியில் மட்டும் பெயர் இருந்தது. பச்சைச் சாயத்தில், தமிழில், தன் கையாலேயே ‘சேவியர்’ என்று எழுதியிருந்தார். கடைசி எழுத்துக்கு இடம் போதாமல் ‘ர்’ கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். அப்போது அவருக்கு வயது 47. தன் பெயருக்கு என்ன பொருள் என்று அவருக்குத் தெரிந்திருந்தால் அன்று எப்படிச் சிரித்திருப்பார் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா வீட்டுக்குப் போனபோது இதையெல்லாம் சொன்னேன். சொல்லும்போது என் குரல் கொஞ்சம் தடுமாறியது. மாமா குறுக்கே பேசாமல் கேட்டார். பிறகு எழுந்து உள்ளே போய், அலமாரியிலிருந்து ஒரு தடித்த பழைய நூலை எடுத்து வந்தார். அவருடைய தந்தை வைத்திருந்தது, யாருக்கும் இரவல் தராதது. 1679-இல் கேரளத்து அம்பலக்காட்டில் அச்சான தமிழ் – போர்த்துகீசிய அகராதியின் மறுபதிப்பு. ப்ரொயென்சா என்ற பாதிரியார் தொகுத்த அந்த அகராதியை வத்திக்கான் நூலகத்திலிருந்து வெளிக்கொணர்ந்து 1966-இல் மலாயாப் பல்கலைக்கழகத்தின் மூலம் பதிப்பித்தவர் தனிநாயகம் அடிகளார்.

அடிகளார் என்றால் மாமாவுக்கு உயிர். எங்கள் வீட்டு விசேஷங்களில் மூன்றாவது பேச்சு அவரைப் பற்றியதாகத்தான் இருக்கும். 1913-இல் யாழ்ப்பாணத்து ஊர்காவற்றுறைப் பக்கம் பிறந்தவர். குருவானவர் ஆன பின், திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் இருந்த காலத்தில்தான் தமிழை முறையாகப் படித்தார். 1961-இல் மலாயாப் பல்கலைக்கழக இந்திய ஆய்வியல் துறைக்குத் தலைமை ஏற்று வந்தார். முதல் உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாட்டை 1966 ஏப்ரலில் நம் கோலாலம்பூரில் நடத்திக் காட்டினார். தமிழுக்கு உலக மாநாடு என்ற ஒன்று முதலில் நடந்தது இந்த மண்ணில்தான் என்பதை மாமா எத்தனை முறை சொன்னாலும் அவர் குரலில் பெருமை குறையாது.

மாமா நூலின் முகப்புத் தாளைத் திறந்து என்னிடம் நீட்டினார். பதிப்பாசிரியர் பெயர் அங்கே இருந்தது. சேவியர் எஸ். தனிநாயகம்.

“ஐம்பது வருஷமா இந்தப் பேரைப் பார்க்கிறேன்” என்றார். “முன்னால் இருக்கிற பேரை நான் வாசித்ததே இல்லை போலிருக்கு.”

சிறிது நேரம் யாரும் பேசவில்லை. அத்தை தேநீர் கொண்டுவந்து வைத்தார். மாமா ஒரு மடக்குக் குடித்துவிட்டு, ஆசிரியர் குரலுக்குத் திரும்பினார். “சரி மாப்பிள்ளை. ஆனால் சேவியர் வேண்டாம். அது வெள்ளைக்காரன் உச்சரிப்பு என்று நீங்களே சொன்னீர்கள். உங்கள் தாத்தா காலத்து ஓசைதான் சரி. ‘சவேரி’ என்று வையுங்கள். பெண் பிள்ளைக்குப் பொருந்தும். கேட்பவர்கள் சாவேரி ராகம் என்று நினைத்தால் நினைத்துவிட்டுப் போகட்டும்.”

என் மனைவி என்னைப் பார்த்தாள். அவள் முகத்திலேயே பதில் இருந்தது.

அம்மாவிடம்தான் சொல்லத் தயங்கினேன். சேவியர் என்று முழுதாக வராததில் அவருக்கு மனக்குறை இருக்கும் என்று நினைத்தேன். தொலைபேசியில் எல்லாவற்றையும் விளக்கினேன். எச்சே, பெர்ரி, கோட்டை, கோட்டாறு என்று நான் சொல்லிக்கொண்டே போக, அம்மா பொறுமையாகக் கேட்டார். “எனக்கு அவ்வளவு புரியலப்பா” என்றார் கடைசியில். “உங்க தாத்தாவ ஊர்ல எல்லாரும் ‘சவரி, சவரி’ன்னுதான் கூப்பிடுவாங்க. நான் மருமகளா வந்தப்ப வாய் நிறையக் கேட்ட பேரு அது. அது திரும்பி வருதுன்னா எனக்குச் சந்தோஷந்தான்.”

மகள் செப்டம்பரில் பிறந்தாள். முதல் பெயர் மாமா தேர்ந்தெடுத்தது, நல்ல தமிழ்ப் பெயர். அதை அடுத்து சவேரி. அதன் பின்னால் அனாக் பெரம்புவான் என்று போட்டு என் பெயர். பிறப்புப் பத்திரத்தைக் கையில் வாங்கியபோது மூன்று முறை எழுத்தெழுத்தாகச் சரிபார்த்தேன். என் சக ஊழியருக்கு அதைப் படம் எடுத்து அனுப்பினேன். “எங்கள் குடும்பத்துக்கு நல்வரவு” என்று பதில் வந்தது.

மருத்துவமனையிலிருந்து மகளை நேராக அப்பாவின் வீட்டுக்குத்தான் கொண்டுபோனோம். முப்பது நாளும் அங்கேயே வைத்துப் பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. அன்றும் மின்தூக்கி பழுது. மூன்று மாடியும் நானே தூக்கிக்கொண்டு ஏறினேன். கீழே கடிதப் பெட்டியைக் கடக்கும்போது பார்த்தேன். பச்சைச் சாயம் வெளுத்துப்போய், கீழே இறங்கிய அந்த ‘ர்’ மட்டும்தான் தெளிவாகத் தெரிந்தது. வருகிற சனிக்கிழமை சாயமும் தூரிகையும் வாங்கிக்கொண்டு போக வேண்டும். எழுத்தைச் சரியான இடத்துக்கு மாற்றாதே, அப்பா எழுதிய தடத்தின் மேலேயே எழுது என்று அம்மா சொல்லியிருக்கிறார்.